முதல் வரிசைக்கு டிக்கெட் இல்லை

எங்கள் கலையரங்கத்தில் முதல் வரிசை எப்போதும் காலியாகத்தான் இருக்கும். வெளியாட்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். மழையில் நனைந்து, என் டிக்கெட் ஜன்னலுக்கு முன்னால் கால் கடுக்க நின்று, "இடம் இருக்காங்க?" என்று கேட்பவர்களிடம், "இல்லைங்க, ஃபுல்லு" என்று சொல்வேன். சம்பளம் கொடுத்து என்னைச் சொல்லவைக்கிற பொய் அது. உள்ளே எட்டிப் பார்த்தால் முதல் வரிசை முழுக்கச் சிவப்பு நாற்காலிகள் ஆளில்லாமல் இருக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பித்தளைத் தகடு, தகட்டில் ஒரு பெயர். வரிசையின் இரண்டு முனையிலும் வெல்வெட் சுற்றிய கயிறு.

அதெல்லாம் மாடிக்காரர்களுடைய இடம். கீழே நாடக அரங்கமும் ஓவியக் கூடமும் யார் வேண்டுமானாலும் வரலாம். கம்பளம் விரித்த படியேறிப் போனால் மேலே கிளப். அங்கே உறுப்பினர்களும் அவர்கள் கூட்டி வருகிறவர்களும் மட்டும். கீழே நடக்கிற நாடகம் மேலே பாரில் ஒரு ஸ்பீக்கரில் மெல்லக் கேட்கும். அவர்கள் பேச்சும் குடியுமாக இருப்பார்கள். கடைசிக் காட்சிக்கு முன்னால் மேலே ஒரு மணி அடிக்கும். கடைசி மணி என்று அதற்குப் பெயர். அடித்ததும் பாதிக் கோப்பையோடு இறங்கி வருவார்கள், கயிற்றை அவிழ்த்துவிட்டால் உட்காருவார்கள், கடைசிக் காட்சியை மட்டும் பார்ப்பார்கள், எல்லாருக்கும் முந்தி எழுந்து கைதட்டுவார்கள். நடிகர்களும் அவர்களைப் பார்த்துத்தான் குனிந்து வணக்கம் சொல்ல வேண்டும். வைக்கோல் போரில் படுத்த நாய் தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது என்பார்கள். அந்த நாயாவது போரிலேயே படுத்திருக்கும். இவர்கள் அதுகூட இல்லை.

அந்தக் கயிற்றுக்குக் காவல் டார்ச் மாமா. இருட்டில் வருகிறவர்களுக்கு டார்ச் அடித்து இடம் காட்டுவது அவர் வேலை. சட்டம் என்றால் சட்டம் அவருக்கு. சொந்தத் தங்கை வந்தபோதுகூட டிக்கெட்டைக் கிழித்துப் பாதியைக் கையில் கொடுத்துத்தான் உள்ளே விட்டார். சாமி வரம் கொடுத்தாலும் கொடுக்காத பூசாரி அவர்.

டார்ச் மாமாவும் அவர் சம்சாரம் தையலக்காவும் எனக்குப் பக்கத்து வீடு. நடுவில் ஒரு மெல்லிய சுவர். அந்தப் பக்கம் வெங்காயம் வதக்கினால் இந்தப் பக்கம் எனக்குப் பசிக்கும். அந்தப் பக்கம் சண்டை என்றால் நான் ரேடியோவை நிறுத்திவிடுவேன். தையலக்கா அரங்கத்தின் தையல்காரி. மேடைக்கு அடியில், ஜன்னல் இல்லாத உடுப்பு அறையில், இஸ்திரிப் பெட்டி விடுகிற ஆவியிலும் நூல் தூசியிலும்தான் அவள் பகல் பொழுதெல்லாம் போகும். வாயில் குண்டூசி, மணிக்கட்டில் கட்டிய ஊசி மெத்தை. அளவு பார்க்க நிற்கிற நடிகரிடம், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், அவள் பேசுவது ஒரே வார்த்தை. "திரும்பு." அவரும் திரும்புவார். வாய் நிறைய ஊசி வைத்திருப்பவளோடு யார் வாதாடுவது?

அதே வீட்டில் மூன்றாவது ஆள் மாமாவின் தங்கை. கட்டியவனை உதறிவிட்டு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அரங்கத்தின் சலவை அறையில் வேலை. அண்ணியும் நாத்தனாரும் எலியும் பூனையும்தான். எந்த நேரத்தில் யார் எலி, யார் பூனை என்பதுதான் நமக்குத் தெரியாது.

ஒருநாள் காலையில் காப்பித்தூள் கேட்க அந்த வீட்டுக்குப் போனேன். ஜன்னல் வெளிச்சத்தில் மாமா நாக்கை நீட்டிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். கறுப்பு ஒரு வரிசை, வெள்ளை ஒரு வரிசை, சாம்பல் ஒரு வரிசை என்று கோத்த ஊசிகளை அக்காவின் ஊசி மெத்தையில் குத்தி வைத்திருந்தார்.

"என்ன மாமா, புதுத் தொழிலா?"

"காப்பித்தூள் வேணும்னா எடுத்துட்டுப் போ. வெளிய மூச்சு விட்டேன்னா தெரியும் சேதி."

அக்கா அடுப்படியிலிருந்து சொன்னாள். "அவகிட்ட என்ன மறைக்கறீங்க? சுவத்துல காதை வெச்சுக்கிட்டுத்தான படுக்கறா. கண்ணுல சர்க்கரை இறங்கிடுச்சுடி. கிட்டக்க இருக்கறதுல ஊசிக் காது தெரியல, தூரத்துல இருக்கறதுல ஆளே தெரியல. நடுவுல கொஞ்சம் தெரியுது. அடுத்த வாரம் ஆபரேஷன். பண்ணினாலும் பார்வை நிக்குமா போகுமான்னு டாக்டரே உறுதியா சொல்ல மாட்டேங்கறாரு."

சொல்லிவிட்டு முட்டையை உடைத்து வாணலியில் ஊற்றினாள். ஓட்டுத் துண்டு ஒன்று உள்ளே விழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. நாத்தனார் கரண்டியால் அதை எடுத்துப் போட்டாள். அந்த வீட்டில் நான் பார்த்த முதல் சமாதானம் அதுதான்.

அப்போது எங்கள் அரங்கத்தில் ஒரு புது நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. போரில் செத்துப்போன தளபதியின் மனைவியைப் பற்றிய கதை. கடைசிக் காட்சியில் அவள் வெற்றி விருந்து நடக்கிற மண்டபத்துக்குள் சாம்பல் நிற கவுன் ஒன்றில் வந்து நிற்பாள். அந்தக் கவுனைத்தான் அக்கா குளிர்காலம் பூராவும் தைத்தாள். வெளியே சாம்பல். ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் நெருப்புச் சிவப்புத் துணி. நடந்தால் ஓரத்தில் லேசாக எட்டிப் பார்க்கும். ஒரு சுற்றுத் திரும்பினால் மடிப்பு எல்லாம் விரிந்து கவுனே பற்றி எரியும். ஒத்திகையின்போது, காட்சி நீளுகிறது என்று டைரக்டர் அந்தத் திரும்பலை வெட்டிவிட்டார். அக்கா அன்றைக்கு வாயில் இருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டுப் பேசியதை இங்கே எழுத முடியாது.

அந்தக் கவுனை முன்பக்கமிருந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மேடை ஓரத்தில் நின்றால் முதுகும் கையும்தான் தெரியும். மாமா தன்னால் முடிந்ததாக ஒருநாள் கடைசிக் காட்சிக்கு மட்டும் பால்கனியின் கடைசியில் ஒரு மூலையில் உட்கார வைத்துப் பார்த்தார். அன்றைக்கு ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு ஆரம்பித்தது. நான் ரேடியோவை நிறுத்தினேன்.

"என்ன தெரிஞ்சுது?"

"கலர் கலரா புகை தெரிஞ்சுது. அது வருது, அழுவுது, போவுது. நான் முன்னாடி உக்காரணுங்க."

"முன்னாடின்னா?"

"முன்னாடின்னா முன்னாடிதான். முதல் வரிசை. நடுவுல."

"உனக்குக் கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன், புத்தியும் போயிடுச்சா? அது மெம்பருங்க இடம்."

"எந்த மெம்பரு? மேல உக்காந்து குடிக்கறானே, அவனா? அவன் நாடகத்தைக் காதால பாக்கறான். எனக்குக் கண்ணால பாக்கணும், அது இருக்கறப்பவே."

"நான் அந்தக் கயித்துக்குக் காவக்காரன்மா. நானே அவுத்துவிட்டேன்னா நாளைக்கு எவன் என்னை மதிப்பான்? வேலை போயிடும். உனக்கும் சேத்துப் போகும்."

"கண்ணு போனா எனக்கு எப்படியும் வேலை போயிடும். நீங்க தினம் காலைல ஊசி கோத்துக் குடுத்து எத்தனை நாளைக்கு ஏமாத்துவீங்க?"

நாத்தனார் குரல் கேட்டது.

"அண்ணா, கல்யாணம் ஆனதுலேர்ந்து அண்ணி உன்கிட்ட என்ன கேட்டிருக்காங்க? ஒரு கம்மல் கேட்டாங்களா? ஊரு சுத்திக் காட்டச் சொன்னாங்களா? ஒரு நாற்காலி கேக்கறாங்க. அதுவும் காலியா கெடக்கற நாற்காலி."

"நீ எப்ப இவ கட்சிக்குப் போன?"

"நான் யாரு கட்சியும் இல்ல. எனக்கு நியாயம் தெரியும், அவ்வளவுதான். அன்னைக்கு மேடை ஓரத்துல உடுப்பு மாத்தி விடற வேலையை நான் பாத்துக்கறேன்."

"நீயா? ஹூக்கை மாத்தி மாட்டுவ" என்றாள் அக்கா.

"பாத்தியா அண்ணா, உதவி பண்ண வந்தா இதுதான் எனக்குக் கெடைக்கறது."

இந்தச் சமயத்தில்தான் எங்களுக்குப் புதிதாக ஒரு அதிகாரி வந்து சேர்ந்தார். பார்வையாளர் அனுபவ அதிகாரி என்று பதவி. நாங்கள் சுருக்கமாக அனுபவம் என்று கூப்பிட்டோம். எங்களை எல்லாம் ஒரு காலையில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். "வர்றவங்க வெறும் டிக்கெட் வாங்கற ஆளுங்க இல்ல. நம்ம விருந்தாளிங்க. சிரிச்ச முகத்தோட கூப்பிடணும். காட்சி நடக்கும்போது உக்காந்திருக்கற விருந்தாளியை எந்தக் காரணத்துக்காகவும் எழுப்பக் கூடாது." ஆளுக்கு ஒரு அட்டையில் அச்சடித்தும் கொடுத்தார். நான் அதை ஜன்னல் ஆடாமல் இருக்க மடித்துச் செருகிக்கொண்டேன். மாமா மட்டும் உட்கார்ந்து மனப்பாடம் செய்தார்.

ஆபரேஷனுக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. அன்றைக்கு மத்தியானத்திலிருந்தே மழை. சாயங்காலம் என் ஜன்னலில் தையலக்கா வந்து நின்றாள். நாங்கள் எல்லாம் குப்பைத் தொட்டிச் சந்து வழியாக, பக்கக் கதவில் நுழைகிறவர்கள். அவள் முன்வாசல் வழியாக வந்திருந்தாள். தனக்கென்று தைத்த ஒரே கோட்டைப் போட்டிருந்தாள், நீல நிறம். கையில் குடை சொட்டிக்கொண்டிருந்தது. கோட்டுக் கைக்கு வெளியே மணிக்கட்டில் ஊசி மெத்தை எட்டிப் பார்த்தது. கழற்ற மறந்திருந்தாள்.

"ஒரு டிக்கெட் குடு. முதல் வரிசை."

"அக்கா, முதல் வரிசைக்கு டிக்கெட்டே இல்ல. அச்சடிக்கறதே இல்ல."

"அப்ப ஏதோ ஒண்ணு குடு. அந்தக் கயித்துக்கு வெல்வெட் தச்சுச் சுத்தினதே நான்தான். எனக்கு அவுக்கத் தெரியாதா?"

கடைசி வரிசைக்கு ஒன்று கிழித்துக் கொடுத்தேன். ஆட்டம் ஆரம்பித்ததும் ஜன்னலை மூடிவிட்டு நானும் உள்ளே போய்ப் பின்சுவரில் சாய்ந்து நிற்பது வழக்கம். அன்றைக்கு ஆரம்பிக்கும் முன்பே மூடிவிட்டேன்.

அரங்கக் கதவில் மாமா நின்றார். அக்கா டிக்கெட்டை நீட்டினாள். அவர் வாங்கி, பாதியாகக் கிழித்து, ஒரு பாதியைத் திருப்பிக் கொடுத்தார். "கடைசி வரிசை. வலது பக்கம்."

"கடைசி வரிசைல எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

பின்னால் ஆட்கள் நெருக்கினார்கள். குடைத்தண்ணீர் தரையில் ஓடியது. மாமா அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அவர் முகத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகம் எங்கே இருக்கிறது என்று அந்த மங்கல் வெளிச்சத்தில் அவளுக்குத் தெரியவில்லை. அது அவருக்கும் புரிந்துவிட்டது.

"கடைசி மணி வரைக்கும்தான்" என்றார் மெதுவாக. "மணி அடிச்சா எழுந்து வந்துடணும்."

"மொதல்ல வெளிச்சத்தைக் காட்டுங்க."

சரி என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர் டார்ச்சைத் தரையில் அடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். "படி. இன்னொரு படி. இங்க திரும்பணும்." கயிற்றின் கொக்கியைக் கழற்றினார். நடு நாற்காலியில் அவளை உட்கார வைத்துவிட்டு, கொக்கியை மறுபடியும் மாட்டினார். அது இரண்டு தரம் தவறியது.

நாடகம் நன்றாகத்தான் போனது. அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது, ஆணி அடித்த மாதிரி நேராக. நடிகர் ஒருவர் உள்ளே வரும்போதெல்லாம் தலை லேசாக ஆடும். கதையைப் பார்த்து இல்லை, காலரைப் பார்த்து.

பாதி நாடகத்தில் ஒரு முரசு அடிக்கும். தளபதி செத்த செய்தி அது. மனைவி மேடை ஓரத்துக்கு ஓடி, கண்மூடித் திறப்பதற்குள் கறுப்பு உடை மாற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு ஆட்டத்திலும் முரசு அடித்தால் தையலக்கா ஊசியோடு தயாராக நிற்பாள். அன்றைக்கும் முரசு அடித்தது. முதல் வரிசை நடுவிலிருந்து அக்கா எழுந்தாள். மணிக்கட்டு மெத்தையிலிருந்து குண்டூசிகளைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டு, விறுவிறுவென்று நடந்து, மேடை ஓரப் படியில் ஏற ஆரம்பித்தாள். அந்தப் படி அவள் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும்.

சபை சிரித்தது. சாவுச் செய்தி வந்த நேரத்தில் அப்படி ஒரு சிரிப்பு. விளக்கு வெளிச்சம் முகத்தில் பட்டதும்தான் அக்காவுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று உறைத்தது. அப்படியே நின்றுவிட்டாள். மாமா ஓடினார். அவள் முழங்கையைப் பிடித்தார். வெளியே கூட்டிப் போகப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"படி பாத்துங்கம்மா" என்றார், சபைக்கே கேட்கும்படி. "உங்க இடம் இந்தப் பக்கம்."

வேறு எந்த விருந்தாளியையும் கூப்பிடுவதுபோல அவளைக் கூட்டிவந்து அதே நாற்காலியில் உட்கார வைத்தார். அவள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக மெத்தையில் திருப்பிக் குத்தினாள்.

அந்தச் சிரிப்பு ஸ்பீக்கர் வழியாக மாடிக்குப் போய்விட்டது. சிரிக்கக் கூடாத இடத்தில் சபை சிரித்தால் மேலே ஒருவருக்கு ஆகாது. கிளப் செயலாளர். கடைசி மணிக்குக் கொஞ்ச நேரம் இருக்கும்போதே இறங்கி வந்தார். சலவை மடிப்புக் கலையாத மனிதர். பேசினால் டப்பா மூடுவதுபோல ஒவ்வொரு வார்த்தையும் மூடிக்கொள்ளும். முதல் வரிசை ஓரத்தில் மாமாவைப் பிடித்தார். நான் பின்சுவரை விட்டு நடுவழிக்கு நகர்ந்தேன்.

"யார் இது?"

"விருந்தாளிங்க சார்."

"உன் சம்சாரம்தானே? கீழ தைக்கறவங்கதானே?"

"கீழ இருந்தா தையல்காரி சார். டிக்கெட்டோட உக்காந்தா விருந்தாளி."

"எழுப்பு."

"காட்சி நடக்குது சார். உக்காந்திருக்கற விருந்தாளியை எந்தக் காரணத்துக்காகவும் எழுப்பக் கூடாது. அட்டையில இருக்கு."

"எனக்கே அட்டையைக் காட்டறியா? இது மெம்பர் சீட்."

"மெம்பர் எங்க சார்?"

"அவர் வருவார், வராம போவார். அது அவர் சீட்."

அப்போது மேலே மணி அடித்தது. மழை காரணமாக வந்ததே நாலைந்து பேர். கோப்பையும் கையுமாக ஓரத்து நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அக்காவுக்கு இரண்டு பக்கமும் காலி. ஒருத்தர்கூட அவள் இடத்தைக் கேட்கவில்லை. ஆனாலும் செயலாளர் விடவில்லை.

"மணியும் அடிச்சாச்சு. இப்ப எழுப்பலைன்னா நாளையிலேர்ந்து ரெண்டு பேரும் வர வேண்டாம்."

மணி அடித்தால் எழுந்துவிட வேண்டும் என்று சொன்னதே மாமாதான். அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவளுக்கு இந்தப் பேச்சு எல்லாம் கேட்டிருக்கும். நாற்காலியின் கைகளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடுங்கித்தான் எடுக்க வேண்டும்.

மாமா டார்ச்சை அணைத்தார். செயலாளரின் கையைப் பிடித்து, விரல்களைப் பிரித்து, அதை உள்ளே வைத்தார்.

"அப்ப இதை நீங்களே வெச்சுக்கங்க சார். வர்றவங்களுக்கு யாராவது வழி காட்டணும்ல."

கயிற்றைத் தாண்டிப் போய், சம்சாரத்துக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். எத்தனையோ வருஷமாக எத்தனையோ பேரை உட்கார வைத்தவர். அந்த அரங்கத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. சாயத் தெரியாமல் நுனியில் உட்கார்ந்திருந்தார். செயலாளர் கையில் டார்ச்சோடு நின்றார். அந்த நேரம் பார்த்துத் தாமதமாக வந்த ஒரு ஆள், "சார், எனக்கு இடம் எங்கன்னு கொஞ்சம் காட்டுங்க" என்று டிக்கெட்டை அவர் மூக்குக்கு நேராக நீட்டினார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

கடைசிக் காட்சி. விருந்து மண்டபம். தளபதியின் மனைவி சாம்பல் கவுனில் வந்து நின்றாள். மேடையில் எல்லாரும் கோப்பையை இறக்கினார்கள். பேச்சே இல்லாத இடம் அது. அவள் மெல்ல நடந்து விளிம்புக்கு வந்தாள், முதல் வரிசைக்கு நேராக. ஓரத்தில் சிவப்பு லேசாக எட்டிப் பார்த்தது. இங்கே நின்றுவிட்டு, அப்படியே போய்விட வேண்டும். டைரக்டர் வைத்த கணக்கு அது.

"திரும்பு."

அக்காதான். வேண்டும் என்று சொன்னாளா, வாய் தவறி வந்துவிட்டதா என்று இன்றுவரை கேட்டும் பதில் இல்லை. உடுப்பு அறையில் சொல்கிற அதே குரல். அந்த நடிகையும் எத்தனை மணி நேரம் அந்தக் குரலுக்கு முன்னால் நின்றிருப்பாள்! யோசிக்கவே இல்லை. திரும்பினாள்.

கவுன் பற்றிக்கொண்டது. ஒவ்வொரு மடிப்பாக வாய் திறந்து சிவப்பைக் கக்கியது. மேடை முழுக்கச் சாம்பல் பறந்து அடியில் தணல் கிளம்பின மாதிரி இருந்தது. பால்கனியில் யாரோ "ஐயோ" என்றார்கள். அவள் பாதியில் நிறுத்தவில்லை, முழுச் சுற்றும் சுற்றி நின்றாள். அப்புறம் சபை எழுந்தது. முதலில் எழுந்தது மாடிக்காரர்கள் இல்லை, பால்கனி. நடிகர்கள் வரிசையாக வந்து குனிந்தபோது, அந்த நடிகை முதல் வரிசை நடுவைப் பார்த்துக் குனிந்தாள். அக்கா கைதட்டவில்லை. முகவாயைத் தூக்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் முடிந்து நான் ஜன்னலைத் திறந்தேன். மறுநாள் ஆட்டத்துக்கு டிக்கெட் கேட்டு ஆட்கள் நின்றார்கள். மாமாவும் அக்காவும் முன்வாசல் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்தார்கள். நாத்தனார் கீழேயிருந்து ஓடி வந்தாள்.

"முரசு அடிச்சதும் எதுக்கு அண்ணி ஓடி வந்தீங்க? நான்தான் இருக்கேன்ல?"

"நீ ஹூக்கை மாத்தி மாட்டியிருப்பேன்னு பயம்."

"ஒண்ணே ஒண்ணுதான் மாத்தி மாட்டினேன்."

மாமா அதுவரை கேட்கத் தைரியம் இல்லாமல் வைத்திருந்ததைக் கேட்டார். "தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது." அக்கா குடையை உதறினாள். "இடது பக்கம் ஒரு மடிப்பு சரியா விழல. மத்ததெல்லாம் விரியுது, அது மட்டும் ஒட்டிக்கிட்டு நிக்குது. பிரிச்சுத் தைக்கணும்."

"நாளையிலேர்ந்து நமக்கு இங்க வேலை இல்லம்மா."

"வேலை இல்லன்னா தப்பா தச்சதை அப்படியே விட்டுடறதா? இவ சலவைக்குன்னு கவுனை வீட்டுக்குக் கொண்டு வருவா. நீங்க காலைல சாம்பல் நூலு ரெண்டு ஊசி கோத்து வையுங்க. சரியா விழுதான்னு நாளைக்கு வந்து பாக்கணும்."

"எப்படி வர்றது?"

"எல்லாரும் எப்படி வர்றாங்க? வாசல் வழியா."

என் ஜன்னலில் குனிந்தாள். "ரெண்டு குடுடி."

"எந்த வரிசைக்கா?"

"கேக்கற கேள்வியைப் பாரு."

கடைசி வரிசை டிக்கெட் இரண்டை எடுத்தேன். அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, பேனாவை அழுத்தி, முதல் வரிசை, நடு என்று எழுதிக் கொடுத்தேன். அவள் அதைக் கண்ணுக்குக் கிட்டேயும் தூரத்திலும் வைத்துப் பார்த்து, தெரிகிற இடத்தைக் கண்டுபிடித்து, படித்துவிட்டு, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள்.

அடுத்து நின்றவர் தொப்பலாக நனைந்திருந்தார். கூட ஒரு வயதான அம்மா. "நாளைக்கு இடம் இருக்காங்க?" என்றார், இல்லை என்ற பதிலுக்குத் தயாரான முகத்தோடு. செயலாளர் டார்ச்சும் கையுமாக என்னையே பார்த்தபடி வாசலில்தான் நின்றிருந்தார்.

"இருக்குங்க" என்றேன், அவருக்கும் கேட்கும்படி. "முன்னாடியே இருக்கு."